குஞ்சுகளும் தோசைத் திருப்பியும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று நம் மன்றத்தின் இதழாசிரியர் கேட்டபோது, "எனக்கு என்ன தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். கவிதை எனக்கு வராது. இலக்கிய ஆராய்ச்சிக்கும் எனக்கும் வெகு தூரம். பொருளாதாரம் படிப்பவன்தான், ஆனால் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி எழுத என் சொந்தப் பொருளாதாரம் இடம் கொடுக்கவில்லை. "நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றாவது இருக்குமே!" என்று அவர் விடாப்பிடியாக நின்றார். யோசித்துப் பார்த்தேன். சென்ற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்று. அது பறவைக் கூட்டைச் சுத்தம் செய்வது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். மூக்கைப் பிடித்துக்கொள்ள விரும்பும் நண்பர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

விடுதியில் இடம் கிடைக்காத பலரைப் போல நானும் கமலா நகரில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் எழுபது வயதை நெருங்கும் ஒரு பஞ்சாபி மூதாட்டி. தெருவில் எல்லோருக்கும் அவர் 'பீஜி'. அவருக்குப் பஞ்சாபி கலந்த இந்தி. எனக்குத் தமிழ் கலந்த இந்தி. இரண்டும் மாடிப்படியில் சந்தித்து எப்படியோ ஒரு சமரசத்துக்கு வந்துவிடும்.

பீஜியின் துணை, மாடி வராந்தாவில் ஒரு கூண்டும் அதிலே இரண்டு பறவைகளும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பார்களே, அந்தச் சிறு கிளிகள்தாம். உண்மையில் லவ் பேர்ட்ஸ் என்பவை ஆப்பிரிக்காப் பக்கத்து வேறு இனம். இவற்றின் சரியான பெயர் பட்ஜெரிகர், செல்லமாக பட்ஜி. சொந்த நாடு ஆஸ்திரேலியா. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்ற பறவையியல் அறிஞர் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு இவை உலகமெங்கும் பரவிக் கமலா நகர் வரையில் வந்து சேர்ந்தன. நம் பல்கலைக்கழக மரங்களில் கத்திக்கொண்டிருக்கும் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைத்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அயல்நாட்டானாகிய பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை.

பீஜியிடம் இருந்தது ஒரு ஜோடி. சேவல் பச்சை, பெட்டை மஞ்சள். நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சிறு தோலைப் பார்க்க வேண்டும். வளர்ந்த சேவலுக்குப் பொதுவாக அது நீலமாக இருக்கும். முட்டையிடும் பெட்டைக்குப் பழுப்பாக இருக்கும். கூண்டின் பக்கவாட்டில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. பறவை நுழைய ஒரு வட்டத் துளை, நாம் எட்டிப் பார்க்க மேலே ஒரு மூடி, முட்டை உருண்டோடாமல் இருக்க அடியில் கிண்ணம்போல் குடைந்த ஒரு பலகை. அதுதான் பிரசவ அறை.

ஜனவரிக் கடைசியில், பொங்கல் விழாக் களைப்பிலிருந்து நாமெல்லாம் தேறிக்கொண்டிருந்த சமயத்தில், பீஜி தம் மகளின் பிரசவத்துக்காக லூதியானாவுக்குப் புறப்பட்டார். அதற்குள் பெட்டியில் மூன்று முட்டைகள். தினை இருக்கும் டப்பா, கம்பு இருக்கும் டப்பா, அலகால் கொரிக்கக் கடல்நுரை எல்லாவற்றையும் காட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேக்பால் கர்னா, பேட்டா. சஃபாயி மறக்காதே" என்றார்.

இந்தியில் 'தேக்னா' என்றால் பார்ப்பது. 'தேக்பால்' என்றால் பார்த்துக்கொள்வது. தமிழிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். பீஜி சொன்னதில் முதல் பாதி மட்டுமே என் மண்டையில் ஏறியது என்பது பின்னால்தான் தெரிந்தது. 'சஃபாயி' என்றது கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டைத் துடைப்பதைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டை என்ற கணக்கில் மொத்தம் ஐந்து சேர்ந்தது. பெட்டை பெட்டிக்குள் அடைகாக்க, சேவல் வேளாவேளைக்குத் துளை அருகே வந்து அவளுக்கு இரை ஊட்டியது. முதல் முட்டையிட்ட பதினெட்டாம் நாள் உள்ளேயிருந்து 'கிச் கிச்' என்று மெல்லிய சத்தம். மூடியைத் திறந்தால், உரித்த வேர்க்கடலைக்குத் தலையும் காலும் முளைத்தாற்போல ஒரு சிவப்பு ஜீவன்! கண் திறக்கவில்லை. உடம்பில் ஒரு தூவிகூட இல்லை. எடை இரண்டு கிராம் அளவே இருக்கும். முட்டையிட்ட வரிசைப்படியே பொரிப்பதால் இரண்டு நாள் கழித்து இரண்டாவது, நாலாம் நாள் மூன்றாவது. நாலாவது முட்டை கூமுட்டை. எட்டாம் நாள் கடைக்குட்டி வெளிவந்தது. அதற்குள் மூத்தது அதைப்போலப் பல மடங்கு பருத்துவிட்டது. எல்.கே.ஜி. குழந்தையையும் முதுகலை மாணவனையும் ஒரே பாயில் படுக்க வைத்தாற்போல இருந்தது காட்சி.

எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வேன்! நாளுக்கு நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். கைபேசியில் படம் பிடித்து நம் மன்றத்துக் குழுவில் போட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிலர் இதயக் குறிகூடப் போட்டீர்கள். நாலைந்து நண்பர்கள் நேரிலேயே வந்து பார்த்துவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒருமுகமாகச் சொன்ன புத்திமதி ஒன்று உண்டு. "குஞ்சுகளைத் தொட்டுவிடாதே. மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும்." எனக்குப் பரம சந்தோஷம். தொடாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஊரில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துக் கழுவி அறியாதவன் நான்.

பத்தாம் நாள் வாக்கில் வராந்தாவில் ஒரு நாற்றம் கிளம்பியது. தெருச் சாக்கடை என்று முடிவு கட்டினேன். கூண்டருகில் ஓர் ஊதுவத்தி ஏற்றி வைத்தேன். குஞ்சுகளுக்குச் சத்து வேண்டுமே என்று பாலக் கீரையும் கொத்தமல்லியும் வெள்ளரிக்காயும் தாராளமாக வாங்கிப் போட்டேன். தாய் உண்டது, குஞ்சுகளுக்கு ஊட்டியது. நீர்ச்சத்தை அள்ளிக் கொடுத்தால் வெளியே வருவதும் நீராகத்தானே வரும்? அந்தச் சின்னக் கணக்கு பொருளாதார மாணவனுக்குத் தோன்றவில்லை.

மூத்த குஞ்சுக்குப் பன்னிரண்டு நாள் ஆன அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மூடியைத் திறந்து எண்ணினேன். மூன்றுதான் தெரிந்தது. தாயின் அடியில் இருக்கும் என்று மூடிவிட்டேன். மத்தியானமும் மூன்று. தாய் வெளியே வந்து கூண்டில் தீனி தின்றுகொண்டிருந்தபோதும் மூன்று. அப்போதுதான் முதன்முதலாகப் பெட்டிக்குள் கை விட்டேன்.

அடியில் இருந்த மரத்தூள் மரத்தூளாக இல்லை. விரல் ஈரச் சேற்றில் இறங்கியது. அந்தச் சேற்றில், மூத்தவற்றின் காலடியில், கடைக்குட்டி தட்டையாக அமிழ்ந்து கிடந்தது. சில்லென்று இருந்தது. நாலு நாள் வயது. மூக்குத் துளைகள் அடைபட்டிருந்தன. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை காலியாக இருந்தது.

பதறிப்போய் மற்றவற்றை வெளியே எடுத்தேன். இரண்டாவது குஞ்சின் வலது கால் விரல்களில் எச்சம் காய்ந்து சுண்டைக்காய் அளவுக்கு உருண்டையாக ஒட்டியிருந்தது. இப்போதாவது ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் அந்த உருண்டையைப் பிடித்து இழுத்தேன். உருண்டை வந்தது, கூடவே ஒரு நகமும் வந்தது. அவ்வளவு சின்னக் காலிலிருந்து ரத்தம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

விலங்கியலில் ஆராய்ச்சி செய்யும் நம் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர், ஊரில் சிறுவயதிலிருந்தே பட்ஜி வளர்த்தவர். கால்மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். கொஞ்சம் சோளமாவை விரலில் ஒற்றி ரத்தத்தை நிறுத்தினார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இதைச் சுத்தம் பண்ணி எத்தனை நாளாச்சுடே?"

"தொடக்கூடாதுன்னு சொன்னாங்க, அண்ணாச்சி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"அந்த எல்லாரும் பட்ஜி வளத்திருக்காங்களா? காப்பி குடிக்க வந்தவங்க சொன்னதைக் கேட்டே. வளத்த பீஜி சொன்னதைக் கேட்டியா?"

நான் பதில் பேசவில்லை. 'சஃபாயி' என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

அன்று அண்ணாச்சி சொல்லிக் கொடுத்ததை எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். மைனாவும் கொண்டைக்குருவியும் தம் குஞ்சுகளின் எச்சத்தை அலகால் எடுத்து அப்புறப்படுத்திவிடும். அந்தக் குஞ்சுகளின் எச்சம் ஒரு மெல்லிய சவ்வுப் பை போலக் கட்டியாக வரும். கிளி இனத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டில் பட்ஜி மரப்பொந்தில் முட்டையிடும். பொந்தின் அடியிலுள்ள உளுத்த மரத்தூளும் வறண்ட காற்றும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பொந்தை எடுத்துவிட்டு நாம் பெட்டியைக் கொடுத்தோம். ஆகையால் பொந்து செய்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பட்ஜித் தாய் மனிதக் கையின் வாசனைக்காகக் குஞ்சை ஒதுக்குவதில்லை. பழகிய கையாக இருந்தால், வேலை சுருக்காக முடிந்தால், அவள் அதைப் பெரிதுபடுத்துவதே இல்லை.

செய்முறை இதுதான். நல்ல வெயில் நேரம் பார்க்க வேண்டும். பிப்ரவரி மாதத்து டில்லிக் காலைக் குளிர் தூவி இல்லாத குஞ்சுக்கு ஆகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் மெல்லத் தட்டினால் தாய் வெளியே வந்துவிடுவாள். துளையை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, பழைய வேட்டித் துணி விரித்த கிண்ணத்தில் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வைத்து மூட வேண்டும். அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குடைவுப் பலகையை மாற்ற வேண்டும். பலகை இரண்டு இருந்தால் நல்லது. வெந்நீரில் தேய்த்துக் கழுவிய ஒன்று வெயிலில் நன்றாகக் காயட்டும். காய்ந்த மற்றொன்று பெட்டிக்குள் போகட்டும். ஈரப் பலகையைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அதன்மேல் தச்சர் இழைப்புளி போடும்போது விழுமே, அந்த மரச்சுருளை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். மெல்லிய தூள் கண்ணிலும் மூக்கிலும் போகும். வழவழப்பான வெறும் பலகையில் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து கோணிவிடும். இந்தப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் தேவதாருச் சுருளும் கிடைக்கும். நமக்கு அது கமகமவென்று இருந்தாலும் பறவையின் மூச்சுக்கு ஆகாது. பைன் மரச்சுருளையே கேட்டு வாங்க வேண்டும். ஊதுவத்தியைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

குஞ்சுகளைத் திரும்ப வைக்கும்போது ஒவ்வொன்றையும் பரிசோதிக்க வேண்டும். தீனிப்பை நிறைந்திருக்கிறதா? கால் விரல்களில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இருந்தால் இழுக்கக்கூடாது, வெதுவெதுப்பான நீரில் காலை நனைத்து ஊற வைத்தால் தானே கரைந்து வரும். மேல் அலகின் உட்பக்கத்தில் தீனி காய்ந்து படிந்திருந்தால் மழுங்கிய தீக்குச்சியால் மெல்ல எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அலகு கோணலாக வளரும். கோணல் அலகுக்காரன் பிறகு தினையை உடைத்துத் தின்ன முடியாமல் தவிப்பான். சுரண்டும் ஆசாமியும் தன் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசியை முகர்ந்தால் கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு.

"சுரண்ட என்ன வச்சிருக்கே?" என்று அண்ணாச்சி கேட்டார். அறை முழுவதும் தேடினேன். தட்டையான, விளிம்புள்ள கருவி ஒன்றே ஒன்று இருந்தது. அம்மா ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த தோசைத் திருப்பி. ஒரு நிமிஷம் தயங்கினேன். அண்ணாச்சி கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

கடைக்குட்டியைத் துளசித் தொட்டியில் புதைத்தோம். "அழுக்காலதான் செத்துதா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அடிச்சுச் சொல்ல முடியாதுடே. கடைசிக் குஞ்சு சில சமயம் தீனி கிடைக்காமலும் போகும், மிதிபட்டும் போகும். நீ தினமும் கையில எடுத்துப் பாத்திருந்தா காரணம் தெரிஞ்சிருக்கும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நாளுக்கு நாலு தடவை பார்த்தவன் நான். என் கைபேசியில் அந்தக் குஞ்சின் படங்கள் பதினொன்று இருந்தன. அது பசியோடு இருந்ததா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

பீஜியிடம் மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, "என் குஞ்சுகள் எப்படி?" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சின்னதை எங்கே வைத்தாய்?" என்றார். துளசித் தொட்டியில் என்றேன். "சரி. மற்ற மூன்றும்?" என்றார். தினமும் துப்புரவு செய்கிறேன் என்றேன். "நானும் இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், பேட்டா. பகலில் பத்துத் துணி, ராத்திரியில் எட்டுத் துணி" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு என் அன்றாட வாழ்க்கை பெட்டியைச் சுற்றி அமைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். குஞ்சுகள் பெருத்த பிறகு நாள் தவறாமல். முதல் வாரம் தாய் என் விரலைக் கொத்திப் பதம் பார்த்தாள். பிறகு நான் தட்டியதும் 'வந்துவிட்டாயா?' என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே வெளியே போய்விடுவாள். வேலை முடிய எட்டு நிமிஷம். இடைத் தேர்வு அன்றைக்கும் பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போனேன். பக்கத்திலிருந்த மாணவி இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். காரணத்தை நான் அறிவேன்.

குஞ்சுகள் வளர்வதைக் கையில் வைத்துப் பார்ப்பது தனி அனுபவம். கண் திறக்கும், பிறகு தோலுக்கடியிலிருந்து ஊசி ஊசியாகச் சிறகுக் குருத்து கிளம்பும், ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த ஊசிகளின் நுனி விரிந்து மஞ்சளும் பச்சையும் தெரியும். வெதுவெதுவென்று உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது நம் விரலுக்குத் தெரியும். முப்பத்தைந்தாம் நாள் மூத்தது துளை வழியாகத் தலையை நீட்டி உலகத்தை எடைபோட்டுவிட்டு, கூண்டுக்குள் குதித்து, நேரே தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. மற்ற இரண்டும் அடுத்த சில நாட்களில் வெளியே வந்தன.

மார்ச் கடைசியில் பீஜி திரும்பினார். கூண்டைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் மூடியைத் திறந்தார். பலகையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். "ம்" என்றார். எம்.ஏ. தேர்வில் முதல் வகுப்பு வந்தால்கூட எனக்கு அவ்வளவு திருப்தி இருக்காது. பிறகு இரண்டாவது குஞ்சைக் கையில் எடுத்து நகமில்லாத விரலைத் தடவிப் பார்த்தார். "இது என்னால் வந்தது, பீஜி" என்றேன். "தெரியும். அதனால்தான் அடுத்த ஈட்டுக்கும் நீயே இருக்க வேண்டும்" என்றார்.

அந்த நகம் திரும்ப முளைக்கவில்லை. கம்பில் உட்காரும்போது அந்தக் குஞ்சு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் உட்காருகிறது. பறப்பதில் குறையொன்றும் இல்லை.

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல்நாள் சாப்பிட்டு எழுந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கழுவி வைத்தேன். அம்மா பின்னாலேயே வந்து, "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் ஒரு விஷயம். நம் மன்றத்து நண்பர்கள் என் அறைக்குத் தோசை சாப்பிட எப்போது வேண்டுமானாலும் தாராளமாக வரலாம். புதிய திருப்பி ஒன்று வாங்கியாகிவிட்டது. பழையது வராந்தாவில் ஆணியில் தொங்குகிறது.